கட்டான் செய்த டென்டல் லேப்காரர்: கிளவுஸ் டாய்பர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு மாலை எங்கள் வீட்டில் கட்டான் என்ற பலகை விளையாட்டின் பெட்டியைத் திறந்தால், புதிதாக வந்து உட்காருகிறவர் இரண்டாவது ஆட்டம் முடிவதற்குள் எப்படியும் கேட்டுவிடுவார்: "இதை யாருங்க கண்டுபிடிச்சது? இதுக்கெல்லாம் ஒரு வேலை இருக்கா?" இருக்கிறது. பதிலை ஒவ்வொரு வாரமும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதிவைக்கிறேன்.

கிளவுஸ் டாய்பர் யார்?

ஜெர்மனிக்காரர். 1952 ஜூன் 25 அன்று, ஹெஸ்ஸன் மாநிலத்தின் ஓடன்வால்ட் மலைப்பகுதியில், பிராய்பெர்க் கோட்டையின் அடிவாரத்தில் இருக்கும் ராய்-பிரைட்டன்பாக் என்ற கிராமத்தில் பிறந்தவர். 1995-ல் வெளியான 'கட்டான்' இவர் செய்த விளையாட்டு. முதலில் அதன் பெயர் 'கட்டான் குடியேறிகள்'. பிறகு வெறும் கட்டான் ஆகிவிட்டது. 40-க்கும் மேற்பட்ட மொழிகளில் வந்து, 4 கோடிப் பெட்டிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. டாய்பர் 2023 ஏப்ரல் 1 அன்று, 70 வயதில் காலமானார்.

பல் டாக்டராமே?

டாக்டர் இல்லை. பல் டெக்னீஷியன். நாம் பல் கேப் போடப் போனால், டாக்டர் அளவெடுத்து வெளியே ஒரு லேபுக்கு அனுப்புவார் அல்லவா, அந்த லேபில் உட்கார்ந்து கேப், பிரிட்ஜ், பல்செட் செய்கிறவர்கள் உண்டே, அந்தத் தொழில். டார்ம்ஷ்டாட் நகரத்துக்குப் பக்கத்தில் சொந்தமாகவே ஒரு டென்டல் லேப் நடத்தினார். அந்தத் தொழிலில் அவருக்கு நிம்மதி இருக்கவில்லை என்பதைப் பின்னாளில் பேட்டிகளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். பகலெல்லாம் லேப் தலைவலி. மாலையில் வீட்டின் அடித்தளத்துக்கு இறங்கிப்போய் அட்டையும் காயுமாக உட்கார்ந்துகொள்வது அவருக்கு ஒரு தப்பிக்கும் வழி.

மில்லிமீட்டர் பிசகினால் வாயில் பொருந்தாத வேலையைப் பகலில் பார்த்தவர், இரவிலும் அதே பொறுமையோடு உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான். அவர் அப்படிச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எடுத்த எடுப்பிலேயே கட்டானா?

இல்லவே இல்லை. இவரைப் பற்றிப் பேசும்போது பலரும் தாண்டிப்போகிற இடம் இதுதான். கட்டானுக்கு முன்பே மூன்று முறை ஜெர்மனியின் 'ஆண்டின் விளையாட்டு' விருதை வாங்கியிருந்தார்: 1988-ல் 'பார்பரோசா', 1990-ல் 'ஆடெல் ஃபெர்ப்ஃப்ளிக்டெட்', 1991-ல் 'ட்ருண்டர் உண்ட் ட்ரூபர்'. நான்காவதுதான் 1995-ல் கட்டான்.

பார்பரோசாவைப் பற்றி நாலு வரி சொல்ல வேண்டும். அவர் ஒரு மாயாஜால நாவல் தொடரைப் படித்து முடித்தார். கதை முடிந்துவிட்டதே என்ற ஏக்கம் தாளாமல், அந்த உலகத்திலேயே இன்னும் கொஞ்சம் இருக்க வேண்டும் என்று ஒரு விளையாட்டு செய்தார். அந்தக் கதையில் விடுகதைகள் முக்கியம். விடுகதையை விளையாட்டாக்குவது எப்படி? ஆளுக்கொரு களிமண் உருண்டை; ஒரு பொருளைப் பிடித்து வைக்க வேண்டும், மற்றவர்கள் அது என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம்: பார்த்தவுடன் எல்லோரும் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம். கடைசிவரை யாருமே சொல்ல முடியாவிட்டாலும் நஷ்டம். நடுவாந்தரமாகத் திணறவிட்டுக் கண்டுபிடிக்க வைத்தால்தான் புள்ளி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தால்கூட இந்த விளையாட்டில் லாபம் வரும். சிற்பம் செய்யத் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒரே மேசையில் சமமாக உட்காரலாம். பின்னால் கட்டானில் அவர் செய்ததன் விதை இங்கேயே விழுந்துவிட்டது என்பேன்.

அந்த விருதுக்கு எவ்வளவு பணம்?

ஒரு பைசா கிடையாது. ஜெர்மன் மொழியில் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' என்பார்கள். 1979 முதல் கொடுக்கிறார்கள். விளையாட்டு விமர்சகர்கள்தான் நடுவர்கள். ஜெயித்த பெட்டியின் மேல் சிவப்புக் காய் போட்ட ஒரு முத்திரையை ஒட்டிக்கொள்ளலாம், அதற்கும் பதிப்பாளர்தான் கட்டணம் கட்ட வேண்டும். ஆனால் கிறிஸ்துமஸுக்கு என்ன வாங்கலாம் என்று கடைக்குப் போகிற ஜெர்மன் தாத்தா பாட்டிகள் அந்தச் சிவப்புக் காயைப் பார்த்து வாங்குகிறார்கள். ஆயிரங்களில் போய்க்கொண்டிருந்த விற்பனை லட்சங்களுக்குத் தாவிவிடும். பணம் அந்த வழியாக வருகிறது.

பெட்டியின் மேல் டிசைனர் பெயர் இருக்கிறதே, எப்போதுமே அப்படியா?

நல்ல கேள்வி. இதற்குப் பின்னால் ஒரு சண்டையே இருக்கிறது.

மொனாபொலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலம், எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண் 1904-ல் காப்புரிமை வாங்கிய 'நிலக்கிழார் விளையாட்டு'. நிலம் சிலர் கையில் குவிந்தால் மற்றவர்கள் எப்படி நாசமாவார்கள் என்று காட்டத்தான் அதைச் செய்தார். 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் என்ற விளையாட்டுக் கம்பெனி அவருடைய காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கியது; ராயல்டி கிடையாது. மொனாபொலியைக் கண்டுபிடித்தவர் என்று சார்லஸ் டாரோ என்பவரின் பெயர்தான் பல பத்தாண்டுகள் ஊருக்குள் உலவியது. மேகி பெயர் காணாமலே போனது.

1988-ல் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சிக்கு வந்திருந்த டிசைனர்கள் 13 பேர், பீர் கோப்பைக்கு அடியில் வைக்கிற வட்ட அட்டை ஒன்றை எடுத்து, 'என் பெயரைப் பெட்டியின் மேல் போடாத பதிப்பாளருக்கு என் விளையாட்டைக் கொடுக்க மாட்டேன்' என்ற பொருளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வக்கீல் நோட்டீஸ் இல்லை, ஊர்வலம் இல்லை, ஒரு பீர் அட்டை. பதிப்பாளர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு வழிக்கு வந்தார்கள். 1991-ல் டிசைனர்களுக்கென்று ஒரு சங்கமும் உருவானது. எழுத்தாளரை எப்படி அழைப்பார்களோ அதே சொல்லைத்தான் ஜெர்மனியில் இவர்களுக்கும் சொல்கிறார்கள்: 'ஷ்பீலே-ஆட்டோர்', அதாவது விளையாட்டு ஆசிரியர். நம் தாயத்தையும் பரமபதத்தையும் செய்த புண்ணியவான் யாரென்று நமக்குத் தெரியாது. டாய்பர் பெயர் உலகம் முழுக்கத் தெரிகிறது என்றால் அந்த பீர் அட்டைக்கும் அதில் பங்கு உண்டு.

கட்டான் எப்படி உருவானது?

நாலு வருஷம் போல ஆனது. வைக்கிங்குகள் என்ற பழைய வட ஐரோப்பியக் கடலோடிகள் ஐஸ்லாந்துக்குப் போய் இறங்கிய கதையில் அவருக்குப் பெரிய ஈர்ப்பு. ஆளில்லாத தீவில் போய் இறங்குகிறீர்கள். முதலில் என்ன வேண்டும்? மரம் வேண்டும், வீடு வேண்டும், சாப்பாடு வேண்டும். அங்கிருந்து யோசிக்கத் தொடங்கினார்.

ஆரம்பத்தில் இது ராட்சத விளையாட்டு. தீவைக் கண்டுபிடிப்பது, குடியேறுவது, நிலத்துக்கு அடித்துக்கொள்வது எல்லாம் ஒரே பெட்டிக்குள். வெட்டி வெட்டித்தான் கட்டான் வந்தது. வெட்டியதை அவர் தூக்கி எறியவில்லை: கண்டுபிடிக்கும் பகுதி 1996-ல் 'எண்ட்டெக்கர்' என்று தனியாக வந்தது, நிலத்துக்கு அடித்துக்கொள்ளும் பகுதி 1997-ல் 'லூவன்ஹெர்ட்ஸ்' ஆனது.

சோதனைக்கூடம் வீட்டுச் சாப்பாட்டு மேசை. வார இறுதியானால் அடித்தளத்திலிருந்து புதுப் பதிப்பை எடுத்துக்கொண்டு மேலே வருவார். மனைவி கிளவுடியாவும் பிள்ளைகளும் உட்கார்ந்து விளையாட வேண்டும். நடுவில் பார்த்தால் கடைக்குட்டி பெஞ்சமின் மேசைக்கு அடியில் காமிக்ஸ் படித்துக்கொண்டிருப்பான். சில நாள் மனைவிக்குத் திடீரென்று துவைத்த துணியை மடிக்க வேண்டும் என்ற ஞாபகம் வரும். யாரும் 'நல்லா இல்லப்பா' என்று வாயால் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. மறுபடி அடித்தளம்.

இதன் அருமை எனக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும். நானும் ஒருமுறை சந்தை வியாபாரத்தை வைத்து ஒரு விளையாட்டு செய்து, கல்யாண வீட்டில் கூடியிருந்த சொந்தங்களை உட்காரவைத்தேன். பத்தாவது நிமிடம் பெரியப்பா, "ஏண்டா, என் முறை எப்போ வரும்? ஒரு டீ குடிச்சிட்டு வந்துடட்டுமா?" என்றார். டீ குடிக்கப் போனவர் சாப்பாட்டுப் பந்தியில்தான் கண்ணில் பட்டார். அவரைவிட நேர்மையான விமர்சகர் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

அப்படி என்ன பெரிதாக இருக்கிறது கட்டானில்?

பலகையைப் பார்ப்போம். 19 அறுகோண நிலத்துண்டுகள்: காடு 4, மேய்ச்சல் 4, வயல் 4, செங்கல் தரும் குன்று 3, தாது தரும் மலை 3, பாலைவனம் 1. ஒவ்வொரு முறையும் கலைத்து அடுக்குவதால் தீவு வேறு வேறாக அமையும். பாலைவனம் தவிர மற்ற 18 துண்டுகளிலும் ஒரு எண் வில்லை. இரண்டு பகடை உருட்ட, கூட்டுத்தொகை எந்த எண்ணோ அந்த நிலம் விளையும். அந்த நிலத்தின் மூலையில் வீடு கட்டியவருக்கு ஒரு அட்டை, நகரமாக உயர்த்தியவருக்கு இரண்டு. அட்டைகளைக் கொண்டு சாலை, வீடு, நகரம் என்று கட்டி, முதலில் 10 புள்ளி தொட்டவர் ஜெயித்தார்.

இதில் டாய்பரின் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், பகடையை யார் உருட்டினாலும் விளைச்சல் எல்லோருக்கும். தாயத்தில் எதிராளி உருட்டும்போது நமக்கு வேலை இல்லை. தாயம் விழாமல் ஒரு காயும் இறங்காமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்த அனுபவம் யாருக்குத்தான் இல்லை? கட்டானில் ஆட்டம் தொடங்கும்போதே ஆளுக்கு இரண்டு வீடு பலகையில் இருக்கும், எதிராளியின் பகடையில் எனக்குக் கம்பளி வரலாம். அதனால் யாரும் போனை எடுப்பதில்லை.

அடுத்து, பேரம். எல்லாப் பொருளும் ஒருவரிடமே விளையாது. வங்கியில் மாற்றினால் 4 கொடுத்து 1 வாங்க வேண்டும், துறைமுகம் இருந்தால் 3 அல்லது 2. ஆகவே பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதுதான் மலிவு. "அத்தை, ரெண்டு கம்பளி தர்றேன், ஒரு செங்கல் குடுங்க." "நீ இப்போ வீடு கட்டப்போற, எனக்கென்ன பைத்தியமா? ஒரு தாதுவும் சேர்த்து வை." இந்த இரைச்சல்தான் விளையாட்டு. சத்தம் கேட்காத கட்டான் மேசையை நான் பார்த்ததில்லை.

யாரையும் பாதியில் வெளியேற்றுவதும் கிடையாது. மொனாபொலியில் திவாலானவர் எழுந்துபோய் டிவி பார்க்க வேண்டியதுதான்; இங்கே கட்டிய வீட்டை எவரும் இடிக்க முடியாது. தோற்கிறவரும் கடைசி உருட்டல்வரை ஏதோ ஒன்றைக் கட்டிக்கொண்டிருப்பார்.

எல்லாம் பகடை அதிர்ஷ்டம்தானே?

பாதி. இரண்டு பகடைக்கு 36 சேர்க்கைகள். 7 விழ 6 வழி, 6-க்கும் 8-க்கும் தலா 5 வழி, 2-க்கும் 12-க்கும் ஒரே ஒரு வழி. டாய்பர் இதை ஒளித்துவைக்கவில்லை. எண் வில்லைகளில் எண்ணுக்குக் கீழே சிறு புள்ளிகள் இருக்கும், எண்ணிப் பாருங்கள்: 6-க்குக் கீழே 5 புள்ளி, 12-க்குக் கீழே 1. நிகழ்தகவு பாடமே படிக்காத குழந்தையும் புள்ளியை எண்ணி வீட்டுக்கு இடம் பிடித்துவிடும்.

அதிகம் விழுகிற 7-க்கு வில்லையே கிடையாது. 7 விழுந்தால் கொள்ளையன் வருவான்: உருட்டியவர் அவனை எந்த நிலத்திலாவது நிறுத்தி அதன் விளைச்சலை மறித்து, அங்கே வீடு வைத்திருப்பவரிடம் ஒரு அட்டையை உருவலாம். கையில் 7-க்கு மேல் அட்டை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் பாதியைப் போட்டுவிட வேண்டும். பதுக்கி வைப்பவனுக்கு ஆப்பு. "ஒம்போது அட்டை வெச்சிருக்கேன், ஏழு மட்டும் விழுந்துடாதே" என்று வேண்டிக்கொள்ளும்போது விழும் பாருங்கள்!

கட்டான் வந்ததும் லேபை மூடிவிட்டாரா?

உடனே மூடவில்லை. 1995-ல் ஷ்டுட்கார்ட் நகரின் கோஸ்மோஸ் பதிப்பகம் வெளியிட்டது. முதல் அச்சு 5,000 பெட்டி. அவை போன வேகத்தில் டாய்பருக்கே ஒரு முதல் பதிப்பு மிஞ்சவில்லை. முதல் வருஷத்தில் ஜெர்மனியில் மட்டும் 4 லட்சம் விற்றது. அடுத்த வருஷம் அமெரிக்காவிலும் இறங்கியது. அப்படியும் 1990-களின் கடைசியில்தான் லேப் வேலையை விட்டு முழுநேர டிசைனர் ஆனார். நான்கு பெரிய விருது, லட்சக்கணக்கில் விற்பனை, அதற்கப்புறமும் பல வருஷம் காலையில் எழுந்து லேபுக்குப் போயிருக்கிறார். ஒரு புத்தகம் அச்சானதும் ராஜினாமாக் கடிதம் எழுதுகிற நண்பர்களுக்கு இதைச் சொல்லிவைப்பேன்.

மற்ற டிசைனர்களும் இப்படித்தானா?

ஆளுக்கொரு பாதை. ரைனர் நிட்ஸியா கணித முனைவர், உல்ம் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர். வங்கித் துறையில் இருந்துவிட்டு 1997-ல் முழுநேரத்துக்கு வந்தார். வெளியான விளையாட்டுகள் 700-க்கு மேல். அவ்வளவு செய்தவருக்கே 'ஆண்டின் விளையாட்டு' விருது 2008-ல்தான், 'கெல்டிஸ்' விளையாட்டுக்குக் கிடைத்தது. வோல்ஃப்காங் கிராமர் ஐந்து முறை வாங்கியிருக்கிறார், டாய்பரைவிட ஒன்று கூடுதல். பலகையின் நாலு ஓரத்தையும் சுற்றிப் புள்ளி எண்ணும் கட்டங்கள் இருக்குமே, அதைப் பரவலாக்கியவர் அவர்தான். ஜெர்மனியில் அதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

வருமானம் எப்படி?

பெரும்பாலும் ராயல்டி. பதிப்பாளர் கடைக்கு விற்கும் விலையில் ஒரு சதவீதம். அது பொதுவாக ஒற்றை இலக்கம்தான். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: கடைக்கு 1,000 ரூபாய்க்குப் போகும் பெட்டி, ராயல்டி 5 சதவீதம், விற்றது 3,000 பெட்டி. மொத்தம் ஒன்றரை லட்சம். அதை மூன்று வருஷ உழைப்புக்கு வகுத்துப் பார்த்தால் மனசு விட்டுப்போகும். ஆகவே பெரும்பாலானவர்கள் வேறு வேலை வைத்துக்கொண்டுதான் இதைச் செய்கிறார்கள்.

என் ஐடியாவைத் திருடிவிட்டால்?

புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் பயம். பொதுவாக, விளையாட்டின் அடிப்படை முறைக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் பெரிய பாதுகாப்பு இல்லை. எழுதிய விதிப்புத்தகத்துக்கும் படங்களுக்கும் உண்டு. ஆனால் ஐடியா மலிவு. நாலு வருஷம் மேசையில் வைத்து அடித்துத் திருத்திய உழைப்பை எவன் திருடப்போகிறான்? காட்டாமல் பூட்டிவைத்த விளையாட்டு தேறாது. ஜெர்மனியில் பதிப்பாளர்களைப் பார்க்க அக்டோபரில் எஸ்ஸன் கண்காட்சி, குளிர்காலத்தில் நியூரம்பெர்க், கோடையில் கோட்டிங்கன் டிசைனர் சந்திப்பு என்று இடங்கள் இருக்கின்றன. மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் விரித்துக் காட்டுகிறார்கள்.

கட்டானில் குறையே கிடையாதா?

உண்டு. தொடக்கத்தில் வீட்டை மோசமான இடத்தில் வைத்துவிட்டால் ஒருமணி நேரம் மற்றவர்கள் கட்டுவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். வெளியேற்றமாட்டார்கள் என்று மேலே புகழ்ந்தேன், சில நாள் வெளியேற்றியிருந்தால் தேவலை என்று இருக்கும். முன்னால் போகிறவரோடு மற்ற மூன்று பேரும் பேரத்தை நிறுத்திவிட்டால் அது சில வீடுகளில் நிஜச் சண்டையாகவே முடியும். ஆளில்லாத தீவில் குடியேறுவது என்ற கற்பனையைக் காலனியத்தோடு சேர்த்து விமர்சிக்கிறவர்களும் உண்டு. அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

டாய்பருக்குப் பிறகு?

2002-லேயே குடும்பமாகக் கட்டான் நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார்கள். மகன்கள் கீடோ, பெஞ்சமின் இருவரும் அதில் இருக்கிறார்கள். டாய்பர் இறந்த மறுவருஷம், 2024-ல், 'கட்டான்: புதிய ஆற்றல்கள்' வந்தது. தீவில் மின்சாரம் வந்துவிட்டது. நிலக்கரி வகையறா மின்நிலையம் கட்டினால் வேகமாக வளரலாம், ஆனால் மாசு ஏறிக்கொண்டே போகும். காற்றாலை, சூரியசக்தி என்றால் செலவும் நேரமும் கூடுதல். பெட்டியின் மேல் டிசைனர் பெயர் இரண்டு: கிளவுஸ் டாய்பர், பெஞ்சமின் டாய்பர். மேசைக்கு அடியில் காமிக்ஸ் படித்த அதே பையன்தான்.